துயரம் கல்விப் பொருளான வரலாறு

மரணம் மனித குலத்துடன் உடன்பிறந்தது. ஆயின் மரணத்தையும், அதனை எதிர்நோக்கியிருப்போரின் நிலையையும், அதன் பின் எஞ்சியிருப்போரின் துயரையும் முறைப்படி ஆராயும் கல்வித்துறை மிக இளையது. வானசாத்திரமும் வைத்தியமும் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையன. துயரம் பற்றிய கல்வியோ இருபதாம் நூற்றாண்டிலே தோன்றி, அந்நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றது. சமயமும் காவியமும் சாவைப் பற்றித் தொன்றுதொட்டுப் பேசிவந்துள்ளன என்பது உண்மை. ஆனால் கணவனை இழந்த ஒரு பெண்ணின் அருகில் அமர்ந்து, அவளுக்கு நேர்வது யாது என்று வினவி, அவள் கூறுவதை எழுதி, அதனைப் பிறர் கூற்றோடு ஒப்புநோக்கும் முயற்சி அண்மைக் காலத்தது.

இத்துறையின் வரலாற்றை ஒரு வினாவின் வரலாறாகவே கூறிவிடலாம். இறந்தவரை மனத்திலிருந்து நீக்கினால்தான் துயர் தீருமா, அன்றி நீக்காமலே ஒருவர் நலமுடன் வாழ இயலுமா என்பதே அவ்வினா. அறிஞர்கள் முதலில் ஒரு விடையைக் கண்டனர். ஏறக்குறைய எண்பது ஆண்டுகளின் பின் அதனைத் திருத்திக்கொண்டனர். அவர்கள் விடையைத் திருத்திய வரலாறு, துக்க வீட்டு வாயிலில் நின்று என்ன சொல்வதென்று அறியாது திகைக்கும் எவர்க்கும் பயன்படக்கூடியது.

உருசியப் பேரரசிற் பிறந்து, பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்திற் பணியாற்றியவர் இலியா மெச்னிக்கோவ். நோயெதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908 இல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி இவர். 1903 இல் மனித இயல்பு பற்றி இவர் வெளியிட்ட நூலிலே, முதுமையை ஆராயும் விஞ்ஞானமும் மரணத்தை ஆராயும் விஞ்ஞானமும் தனித்தனியே வளரவேண்டும் என வற்புறுத்தினார். 'தனட்டோஸ்' என்பது சாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதனடியாக 'தனட்டாலஜி' என்னும் பெயர் இக்கல்விக்கு அமைந்தது. மெச்னிக்கோவ் கருதியது பெரும்பாலும் உடல் சார்ந்த ஆராய்ச்சி. சாவினால் உயிரோடிருப்பவர்க்கு நேர்வதை ஆராயும் பணி வேறு சிலரைச் சேர்ந்தது.

அவர்களுள் முன்னோடி, பிரான்சு நாட்டுச் சமூகவியலாளர் றொபேட் ஹேட்ஸ். எமீல் டேர்க்கைமின் மாணவரான அவர், 1907 இல், தமது இருபத்தாறாம் வயதிலே, மரணச் சடங்குகள் பற்றி நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். போர்ணியோத் தீவின் டயாக் மக்களிடையே இறந்தவர் உடல் முதலில் தற்காலிகமாக ஓரிடத்தில் வைக்கப்படும். மாதங்கள் சிலவோ ஆண்டுகள் சிலவோ கழிந்தபின், எலும்புகள் எடுக்கப்பட்டுப் பெருவிழாவோடு இறுதி இடத்திற் சேர்க்கப்படும். அதுவரையும் இறந்தவர் உயிர் அலைந்துகொண்டிருப்பதாக அவர்கள் கருதினர். உறவினரும் ஊரவரிடமிருந்து விலகித் துக்கம் காத்தனர். உடலின் நிலை, உயிரின் நிலை, உறவினரின் நிலை ஆகிய மூன்றும் ஒருங்கே மாறிச் சென்றமையை ஹேட்ஸ் கண்டுகாட்டினார். மூச்சு நிற்றல் ஒரு கணத்தில் நிகழ்வது. அம்மனிதர் இல்லை என்பதை ஊர் ஏற்றுக்கொள்ளுதற்கு நெடுங்காலம் வேண்டும். இவ்வுண்மையைக் கூறிய ஹேட்ஸ் 1915 ஏப்ரலில், முதலாம் உலகப் போர்க்களத்தில், முப்பத்துமூன்று வயதில் உயிர்நீத்தார்.

ஹேட்ஸ் மாண்ட அதே ஆண்டில், வியன்னா நகரிலே சிக்மண்ட் புரொயிட் துயரைப் பற்றிய தமது கட்டுரையை எழுதினார். 'துயரும் சோர்வுநோயும்' எனத்தக்க தலைப்போடு அது 1917 இல் வெளிவந்தது. துயரம் ஒரு நோயன்று. அதனை வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டியதில்லை. காலம் செல்ல அது தானே தணியும் என்றார் புரொயிட். இது நன்று. ஆனால் அது தணியும் விதத்தை அவர் விளக்கியபோதே பின்வந்தோரைப் பல்லாண்டு ஆட்கொண்ட கொள்கை பிறந்தது. அன்பு வைத்த பொருள் மறைந்தபின், அதனோடு பிணைந்த ஒவ்வொரு நினைவிலிருந்தும் மனம் தன் பற்றைச் சிறிது சிறிதாகக் கழற்றிக்கொள்ள வேண்டும். இது பெருமுயற்சியும் வேதனையும் நிறைந்த வேலை. இவ்வேலை முடிந்ததும் மனம் விடுதலை பெறும். வேறோரிடத்தில் அன்பு வைக்கும் ஆற்றல் உடையதாகும். சுருங்கக் கூறின், இறந்தவரோடுள்ள தொடர்பு அறுந்தாலே துயர் தீரும் என்பது அவர் கொள்கை.

அறையில் அமர்ந்து ஆக்கிய இக்கொள்கையைப் பெருந்தொகையான மக்களிடையே கண்டு ஆராயும் வாய்ப்பு, கொடிய விபத்தொன்றினால் நேர்ந்தது. 1942 நவம்பர் 28 ஆந் திகதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 'கொக்கனட் குரோவ்' என்னும் களியாட்ட விடுதி தீப்பற்றியது. 460 பேர்க்கு மட்டுமே இடமுள்ளதென விதிக்கப்பட்ட அவ்விடுதியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் நெருங்கியிருந்தனர். தலைவாயிலில் இருந்தது சுழல்கதவு. ஓடிவந்தோரின் நெருக்கத்தால் அது அசையாது நின்றுவிட்டது. வேறு வாயில்கள் சில பூட்டப்பட்டிருந்தன. சில உட்புறமாகத் திறப்பனவாய் இருந்தன. 492 பேர் மாண்டனர்.

அந்நகரத்து மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் உளநோய் வைத்தியராயிருந்தவர் ஜேர்மனியிற் பிறந்த எரிக் லின்டமன். தீயிலிருந்து பிழைத்தோரையும், உற்றாரை இழந்தோரையும், போர்வீரர் குடும்பத்தினர் உள்ளிட்ட வேறு துக்கமுற்றோரையுமாக 101 பேரை அவரும் துணைவரும் கண்டு பேசினர். 1944 இல் வெளியிடப்பட்ட அவரது கட்டுரையே துயரின் அடையாளங்களை முதன்முதல் ஒழுங்காகத் தொகுத்துரைத்தது எனலாம். துயரம் அலை அலையாக வருகின்றது. ஒவ்வோரலையும் இருபது நிமிடம் முதல் ஒரு மணிநேரம் வரை நிலைக்கின்றது. தொண்டை இறுகுகின்றது, பெருமூச்சு எழுகின்றது, வயிறு வெறுமையாகின்றது, கைகால்கள் வலுவிழக்கின்றன. இறந்தவரின் உருவம் மனத்தை நிறைத்துக்கொள்கின்றது. 'நான் இதைச் செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரே' என்னும் குற்றவுணர்வு வாட்டுகின்றது. ஆறுதல் கூற வருவோர் மீதும் காரணமின்றிச் சினம் மூள்கின்றது.

இவ்வடையாளங்கள் எத்துணை ஆபத்தை உள்ளடக்கியவை என்பதற்கு லின்டமன் ஓர் இளைஞனின் நிலையை எடுத்துக்காட்டினார். தீயிலே மனைவியைக் காக்க இயலவில்லையே என்ற எண்ணத்தால் அவன் அல்லற்பட்டான். வைத்தியசாலையில் அமைதியடைந்தவன் போலத் தோன்றினான். ஆயினும் காவலர் கண்தப்பிய வேளையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். கண்ணீர் வடிப்பவனை விட, உள்ளே குமுறிக்கொண்டு வெளியே அமைதி காட்டுபவனைக் குறித்தே மிகுதியாக அஞ்சவேண்டியிருக்கலாம் என்பதை வைத்திய உலகம் இதனால் அறிந்தது. துயரைக் கவனித்துப் பேணவேண்டும் என்னும் கருத்து வேரூன்றியது. ஆனால் மருந்தாக லின்டமன் விதித்தது புரொயிட் கூறியதே. இறந்தவரின் பிணைப்பிலிருந்து விடுபடுதல், அவரில்லாத உலகிற்கு இசைந்துகொள்ளுதல், புதிய உறவுகளை அமைத்துக்கொள்ளுதல் என்னும் மூன்றையும் அவர் வற்புறுத்தினார். எட்டுப் பத்துச் சந்திப்புகளிலே, நான்கு முதல் ஆறு வாரங்களில், சிக்கலற்ற துயரை வழிப்படுத்திவிடலாம் என்றும் அவர் நம்பினார்.

இக்காலத்திலே இங்கிலாந்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டார் துக்கத்தைக் கடுமையான விதிகளோடு காத்தனர். கணவனை இழந்தவள் இரண்டாண்டுகளுக்கு மேல் கருநிற ஆடை அணிவது உயர்குடி வழக்கமாயிருந்தது. இரண்டு உலகப் போர்களில் இலட்சக்கணக்கானோர் மாண்டபின் அவ்வழக்கங்கள் தேய்ந்தன. சாவைப் பற்றிப் பேசுவதே நாகரிகக் குறைவாகக் கருதப்படலாயிற்று. இதனை வெளிப்படுத்தியவர் ஜெப்ரி கோறர் என்னும் மானிடவியல் அறிஞர். அவர் தந்தையார் 1915 இல் லுசித்தானியா கப்பல் தாக்குண்டு மூழ்கியபோது உயிரிழந்தவர்; கோறருக்கு அப்போது பத்து வயது. 1961 இல் அவருடைய தம்பியும், திசுக்களின் ஒவ்வாமை பற்றிய ஆய்வாற் புகழ்பெற்ற விஞ்ஞானியுமான பீட்டர் கோறர் புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் அக்குடும்பத்தை நண்பர்கள் ஒதுங்கி நடந்தமையை ஜெப்ரி கோறர் கண்டார். தீமை புரியும் எண்ணம் அவர்களிடம் இல்லை. துயருற்றவரோடு எவ்வாறு பேசுவதென்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

நாடெங்கும் உற்றாரை இழந்தோரை விசாரித்து 1965 இல் அவர் வெளியிட்ட நூலிலே, பழைய சடங்குகளைக் கைவிட்ட சமூகம் அவற்றின் இடத்தில் வேறெதனையும் வைக்கவில்லை என்று காட்டினார். எப்பொழுது அழலாம், எப்பொழுது வெளியிற் செல்லலாம், எப்பொழுது மீண்டும் சிரிக்கலாம் என்பதைக் கூற எவருமில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தனியே மறைவில் அழவேண்டியதாயிற்று.

வீட்டில் மறைக்கப்பட்ட துயரம் வைத்தியசாலையில் இன்னும் ஆழமாக மறைக்கப்பட்டிருந்தது. 1961 இல் சிக்காகோ நகரத்து வைத்தியர்களிடம் நடத்தப்பட்ட விசாரணையொன்றில், புற்றுநோய் கண்டவரிடம் அதனைச் சொல்லாதிருப்பதையே நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் விரும்பினர். சமூகவியலாளரான பார்ணி கிளேசரும் அன்செல்ம் ஸ்ட்ராஸும் சான் பிரான்சிஸ்கோப் பகுதி வைத்தியசாலைகளில் இருந்து கவனித்தனர். தாம் கண்டவற்றை 1965 இல் நூலாக்கினர். சில நோயாளர் தம் நிலையை அறியாதிருந்தனர். சிலர் ஐயுற்று வருந்தினர். சிலர் வெளிப்படையாக அறிந்து பேசினர். மிகுந்த வேதனைக்குரியவர் மற்றொரு வகையினர். அவர்களிடத்தே நோயாளியும் அறிவார், உறவினரும் அறிவர், வைத்தியரும் அறிவார். ஆயினும் ஒருவர் பொருட்டு மற்றவர் அறியாதவர் போல் நடிப்பர். அந்நடிப்பினூடே கணவன் மனைவியிடம் விடைபெறாமலே பிரிந்துபோவான்.

இந்நடிப்பை நீக்க முயன்றோருள் இரு பெண்மணிகள் தலையாயவர். இலண்டன் நகரத்தவரான சிசிலி சோண்டர்ஸ் முதலில் தாதியாகவும், பின் வைத்தியசாலைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். வார்சோ நகரிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதர் புற்றுநோயால் இறக்கும் தறுவாயில் அவருடன் நட்புக்கொண்டார். இறப்போர் வலியின்றியும் தனிமையின்றியும் இருக்கத்தக்க ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசினர். 1948 இல் டாஸ்மா மறைந்தபோது, அவ்வில்லத்திற்கு ஒரு சாளரமாகத் தாம் இருக்கவேண்டுமென விரும்பி 500 பவுணை விட்டுச்சென்றார். அந்த எண்ணத்தை நிறைவேற்றுவதற்காகவே சோண்டர்ஸ் வைத்தியம் கற்று, 1957 இல் தேர்ச்சி பெற்றார். பத்தொன்பது ஆண்டுகள் உழைத்து, 1967 இல் இலண்டனின் சிடன்காம் பகுதியில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். வலி பொறுக்கமுடியாத நிலைக்கு வரும்வரை காத்திராமல், குறித்த நேரங்களில் மருந்து கொடுத்து வலியை வராமலே தடுக்கலாம் என்று அவர் காட்டினார். உடல் வலியோடு மனத்தின் வலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் கலக்கம் ஆகியனவும் சேர்ந்ததே இறப்பவரின் முழு வேதனை என அவர் கற்பித்தார். உலகெங்கும் இன்று நடைபெறும் நோய்தணிப்புச் சேவைக்கு அவ்வில்லமே முன்மாதிரி.

மற்றையவர் சுவிற்சர்லாந்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் கியூப்லர் ரோஸ். 1965 இல் சிக்காகோவில் இறையியல் மாணவர் நால்வர் மரணத்தைப் பற்றி அறிய விரும்பி அவரை அணுகினர். இறக்கும் நோயாளரிடமே கேட்டறியலாம் என்றார் அவர். தொடக்கத்தில் வைத்தியசாலையில் அதற்கு இணக்கம் கிடைக்கவில்லை; நோயாளரோ பேசுவதற்குக் காத்திருந்தனர். இருநூறுக்கு மேற்பட்டோரோடு உரையாடி 1969 இல் அவர் வெளியிட்ட நூல் உலகப்புகழ் பெற்றது. நம்ப மறுத்தல், சினத்தல், பேரம் பேசுதல், சோர்தல், ஏற்றுக்கொள்ளுதல் என ஐந்து நிலைகளை அந்நூல் கூறிற்று. வைத்தியரின் மனப்போக்கும் மாறியது. 1979 இல் நடந்த அமெரிக்க விசாரணையொன்றில், உண்மையைச் சொல்வதையே நூற்றுக்கு 97 பேர் விரும்பினர்.

ஆயினும் ஐந்து நிலைகள் என்னும் கருத்து அதனை ஆக்கியவர் கையை விட்டு அகன்று சென்றது. தம் சாவை எதிர்நோக்குவோரிடம் கண்டதை, உற்றாரை இழந்தோர்க்கும் பொருத்தினர். கண்டதைக் கூறிய நூலை, ஏறவேண்டிய படிகளை விதிக்கும் நூலாக்கினர். சினங்கொள்ளாத தாயைப் பார்த்து, அவள் உண்மையை மறைக்கின்றாள் என்றனர். ஓராண்டில் 'ஏற்றுக்கொள்ளாத' தந்தையைப் பார்த்து, அவர் பின்தங்கிவிட்டார் என்றனர். பிற்காலத்து ஆய்வுகள் இத்தகைய ஒழுங்கான படிகளை உறுதிசெய்யவில்லை. 1989 இல் அமெரிக்க உளவியலாளரான கமில் வோட்மனும் றொக்சேன் சில்வரும், இழப்புப் பற்றி நிலவிய நம்பிக்கைகள் பல ஆதாரமற்றவை என எடுத்துக்காட்டினர். ஆழ்ந்த சோர்வு எல்லோர்க்கும் நேர்வதில்லை. அது நேராதவர் அன்பில்லாதவரும் அல்லர். பின்னர் ஜோர்ஜ் பொனானோ என்பவர், உற்றாரை இழந்தோருட் பலர் துயரோடும் தம் கடமைகளைச் செய்து நிலைகுலையாது வாழ்கின்றனர் என்பதை ஆய்வுகளால் நிறுவினார்.

இதற்கிடையே, தொடர்பை அறுக்கவேண்டும் என்ற மூலக்கொள்கையும் அசையத் தொடங்கியிருந்தது. அதனை அசைத்தவர் பெரும்பாலும் கைம்பெண்களே. 1958 இல் பீட்டர் மரிஸ் கிழக்கு இலண்டனைச் சேர்ந்த 72 கைம்பெண்களின் வாழ்வை விவரித்தார். கணவர் இன்னும் அருகிலிருப்பதாக உணர்ந்தோர் அவர்களுட் பலர். 1971 இல் டெவி ரீஸ் என்னும் வைத்தியர், வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் வாழ்க்கைத் துணையை இழந்த 293 ஆண் பெண்களைக் கண்டு விசாரித்த செய்தியை வெளியிட்டார். அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப்பேர், இறந்தவர் உடனிருப்பதை உணர்ந்ததாகக் கூறினர். அவ்வுணர்வு தமக்கு ஆறுதலளிப்பதாகப் பெரும்பாலோர் சொல்லினர். ஆயின் அவர்களுட் பலர் அதுவரை அதனை எவரிடமும் வெளியிட்டிருக்கவில்லை. தம்மைப் பித்தரென்று உலகம் எண்ணிவிடுமோ என்னும் அச்சம் இத்தகையோரை மௌனமாக்கிவிடுகின்றது.

யப்பானில் அந்த அச்சத்திற்கு இடமிருக்கவில்லை. டோக்கியோ நகரில் வீதி விபத்துகளில் கணவரை இழந்த 20 பெண்களைப் பற்றி 1969 இல் ஜோ யமமோட்டோவும் துணைவரும் எழுதினர். அவர்களது வீடுகளில் முன்னோர்க்குரிய சிறு பீடம் இருந்தது. அங்கே கணவரின் படத்தை வைத்து, ஊதுவத்தி ஏற்றி, உணவு படைத்து, அவரோடு பேசினர். இறந்தவர் முன்னோராகி வீட்டிலேயே இருக்கின்றார் என்பது அவர்கள் நம்பிக்கை. இப்பெண்கள் இலண்டன் பெண்களை விட நிலைகுலையாதிருந்தமையை ஆய்வாளர் கண்டனர். புரொயிட் வகுத்த முறைப்படி நோக்கின், தொடர்பை அறுக்காத இப்பெண்களே துயரின் வேலையில் தோற்றவர்களாதல் வேண்டும். உண்மை அவ்வாறிருக்கவில்லை.

கொக்கனட் குரோவ் எரிந்த அதே பொஸ்டன் நகரில், பிற்காலத்திலே பெற்றோருள் ஒருவரை இழந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று நடைபெற்றது. 70 குடும்பங்களைச் சேர்ந்த 125 பிள்ளைகள் அதிற் பங்குகொண்டனர். இறந்த தந்தை வானத்திலிருந்து தம்மைப் பார்ப்பதாகப் பல பிள்ளைகள் கூறினர். தாயைக் கனவிற் கண்டனர். தந்தையின் சட்டையையோ கைக்கடிகாரத்தையோ பத்திரப்படுத்தினர். வளர வளர அப்பெற்றோரைப் புதிதாகப் புரிந்துகொண்டனர். இவ்வாய்வில் முன்னின்ற பிலிஸ் சில்வர்மன், பிள்ளைகளை இழந்த பெற்றோரோடு பல்லாண்டு பழகிய டெனிஸ் கிளாஸ், ஸ்டீவன் நிக்மன் ஆகிய மூவரும் சேர்ந்து 1996 இல் ஒரு நூலை வெளியிட்டனர். இறந்தவரோடுள்ள பிணைப்பு அறுவதில்லை, உருமாறித் தொடர்கின்றது என்பதே அந்நூலின் முடிபு. யப்பானிய முன்னோர் வழிபாட்டைப் பற்றியும் கிளாஸ் அந்நூலில் எழுதினார். 1999 இல் ஒல்லாந்து நாட்டு உற்றெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஷுட்டும் மற்றோர் உண்மையைச் சேர்த்தனர். துயருற்றவர் சில வேளை இழப்பை நோக்குகின்றார். சில வேளை அதனை விட்டு அன்றாட வாழ்வை நோக்குகின்றார். ஊஞ்சல் போல் இரு பக்கமும் சென்று வருதலே இயல்பு. காலையில் அழுதவள் மாலையிற் சந்தைக்குச் சென்று விலைபேசினால், அதனைப் பழித்தல் தகாது.

எண்பது ஆண்டுகளின் பின் அறிஞர் கண்ட இவ்வுண்மையைப் புரொயிட் அறியாதவரா? அவர் வாழ்வே அதற்கு விடை கூறுகின்றது. 1920 சனவரியில், உலகைப் பீடித்த கொள்ளைக் காய்ச்சலினால் அவர் மகள் சோபி ஹம்பேர்க் நகரில் மாண்டாள். வயது இருபத்தாறு. போருக்குப் பிந்திய குழப்பத்தில் புகையிரதம் கிடையாமையால் தந்தை அவள் முகத்தையும் காண இயலவில்லை. 1923 இல் சோபியின் இளைய மகன், நான்கு வயதுப் பாலகன், காசநோயால் இறந்தான். ஆறாண்டுகள் கழிந்தன. 1929 ஏப்ரல் 12 ஆந் திகதி, மகனை இழந்து வருந்திய லுட்விக் பின்ஸ்வங்கர் என்னும் நண்பர்க்குப் புரொயிட் கடிதம் எழுதினார். அன்று சோபி உயிரோடிருந்தால் அவளுக்கு முப்பத்தாறு வயது. துயரின் கடுமை தணியும். ஆனால் ஆறுதல் முற்றாக வருவதில்லை. இழந்தவர்க்கு ஈடாக எவரும் அமைவதுமில்லை. அவ்வாறிருப்பதே தகும், ஏனெனில் விட மனமில்லாத அன்பைத் தொடர்ந்து பேணும் வழி அதுவே எனும் கருத்தை அவர் அதில் வெளியிட்டார். கட்டுரையில் எழுதிய கொள்கையைத் தந்தை ஒருவரின் கடிதம் திருத்திவிட்டது. உலகம் கட்டுரையைப் படித்த அளவிற்குக் கடிதத்தைப் படிக்கவில்லை.

இத்துறையில் இன்னும் முடியாத வழக்குகள் உள. இறந்தாரா இருக்கின்றாரா என்று தெரியாத நிலையில் துயரம் எவ்வாறிருக்கும்? வியட்நாம் போரிற் காணாமற்போன அமெரிக்க வீரரின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பொஸ், 1999 இல் வெளியிட்ட நூலில் இதனைத் 'தெளிவற்ற இழப்பு' என்னும் கருத்துப்பட விளக்கினார். உடல் கிடையாதபோது சடங்கு செய்ய மனம் துணியாது. செய்யாதிருக்கவும் மனம் ஆறாது. இலங்கைக்கு இது புதிதன்று. நீண்ட போரும், 2004 திசம்பர் 26 ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையும் எத்தனையோ வீடுகளில் இவ்வகைத் துயரை விட்டுச்சென்றுள்ளன. யாழ்ப்பாணத்து உளமருத்துவ அறிஞர் தயா சோமசுந்தரம், 1998 இல் வெளியான நூலிலும் பின்வந்த கட்டுரைகளிலும், இத்தகைய பேரிழப்பு தனியொருவர் மனத்தோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே காயப்படுத்துகின்றது என்று எடுத்துரைத்தார். மேலைநாட்டு வைத்தியம் தனிமனிதரையே நோக்கிவந்தது. அவருடைய ஆராய்ச்சி ஊர் முழுவதையும் நோக்கவேண்டும் என்றது.

மற்றொரு வழக்கு, துயரம் எந்த எல்லையில் நோயாகின்றது என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் அட்டவணை 2022 இல் நடைமுறைக்கு வந்தபோது, 'நீடித்த துயர்நோய்' அதில் இடம்பெற்றது. அன்றாட வாழ்வைச் சிதைக்கும் கடுந்துயர் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்து, அச்சமூகத்தின் வழக்கத்தையும் விஞ்சிநின்றாலே அதனை நோயெனக் கொள்ளலாம் என்பது விதி. அமெரிக்க உளமருத்துவர் சங்கமோ வளர்ந்தோர்க்கு ஓராண்டை எல்லையாக்கியது. உணவும் உறக்கமும் இழந்து வாடுவோர்க்கு உதவி கிடைக்க இது வழிசெய்யும் என்பர் ஒருசாரார். அன்பின் விளைவை நோயென்று கூறுவதா என்பர் மற்றொருசாரார். இரு பக்கத்தும் நியாயம் உண்டு.

தமிழர் வழக்கத்தை இவ்வரலாற்றோடு ஒப்பிடும்போது பெருமைக்கும் இடமுண்டு, நாணத்திற்கும் இடமுண்டு. எட்டுச் செலவும், அந்தியேட்டியும், ஆட்டைத் திவசமும் சைவர்க்குத் துயரின் காலத்தைப் படிப்படியாக அளந்து கொடுக்கின்றன. கத்தோலிக்கர் நவம்பர் 2 ஆந் திகதி கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். இறந்தவரை மறக்கும்படி இவை சொல்லவில்லை. குறித்த நாளில் நினைக்கும்படியே சொல்லுகின்றன. கோறர் இங்கிலாந்திற் காணாது வருந்திய ஒழுங்கு இதுவே. ஆனால் இறந்த கணவனுக்கு ஆண்டுதோறும் படையல் இட்ட அதே சமூகம், உயிரோடிருக்கும் அவன் மனைவியை மங்கல காரியங்களில் பின்னே நிறுத்தியும் வந்தது. இறந்தவரோடு தொடர்பைப் பேணுதல் நன்று. அதன்பொருட்டு இருப்பவளின் வாழ்வைக் குறுக்குதல் எந்த ஆய்வாலும் நியாயப்படுத்தத்தக்கதன்று.

மெச்னிக்கோவ் பெயரிட்ட கல்வி நூறாண்டுகளைக் கடந்துவிட்டது. இத்துறையினர் உண்மையை அணுகிய ஒவ்வொரு முறையும், இழந்தோரும் இறப்போரும் பேச, அருகிருந்து கேட்டதனாலேயே அணுகினர். நோயாளரைக் கேட்டார் கியூப்லர் ரோஸ். கைம்பெண்களைக் கேட்டார் ரீஸ். பிள்ளைகளைக் கேட்டார் சில்வர்மன். பேசவிடாமல் விதித்த இடங்களிலெல்லாம் பிழை புகுந்தது. துக்க வீட்டிற்குச் செல்வோர்க்கும் இதனினும் சிறந்த வழியில்லை. 'மறந்துவிடு' என்று சொல்லவேண்டியதில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, விடை வரும்வரை அருகில் அமர்ந்திருந்தால் போதும்.